நீலக் கோட்டு மேடம்

அவர் முன்னால் 'சுமாரா' என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "சுமாரா இடுப்பு வரைக்கும் தண்ணி வந்துச்சு மேடம்" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், "யார் இடுப்பு?" என்பார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்பார். "உங்க இடுப்பா, உங்க வீட்டுக்காரர் இடுப்பா? வாசல்ல நின்னீங்களா, ஹால்ல நின்னீங்களா? வந்து நின்னு காட்டுங்க." பேசியவர் வெட்கப்பட்டுக்கொண்டே சுவரோரம் போய் நின்று, உள்ளங்கையைக் குப்புற வைத்துத் தன் உடம்பில் காட்டுவார். மேடம் கைப்பையிலிருந்து இரும்பு டேப்பை இழுத்துத் தரையிலிருந்து அந்தக் கை வரைக்கும் அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதப் போவதில்லை. எங்கள் காலனியில் அந்தப் பெயரை யாரும் சொன்னதே கிடையாது. முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே வந்து, "நீலக் கோட்டு மேடம் இன்னிக்கு வந்தாங்களா?" என்று கேட்டால் எந்த வீட்டிலும் பதில் கிடைக்கும். நாற்பத்தைந்து வயதிருக்கும். காட்டன் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. புடவைக்கு ஷூவா என்று எங்கள் தெருப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். சேற்றில் அவர் நடக்கிற வேகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

முதல்முதலில் அவரை நான் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம்தான். அந்தப் பெருவெள்ளம் வடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். வீட்டுக்குள் இன்னும் சாக்கடை நாற்றம். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் சேதம் மதிப்பிட வந்திருந்தார். நான் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், டிவி என்று பட்டியல் நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிவி மாட்டியிருந்த இடத்துக்கு வந்ததும் டேப்பை எடுத்தார். சுவரில் சேற்றுக் கறை தெளிவாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தது.

"சார், தண்ணி டிவி வரைக்கும் வரல."

"டிவி ஓடலையே மேடம்."

"ஓடாம இருக்கும் சார். ஆனா தண்ணியால இல்ல. நாலடி ரெண்டரை அங்குலத்துல நின்னுருக்கு. டிவி அதுக்கு மேல இருக்கு."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. டிவி வெள்ளத்துக்கு ஆறு மாதம் முன்பே ரிப்பேர். என் மனைவி சுமதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவரோ என்னைத் திருடன் போலப் பார்க்கவில்லை. பட்டியலில் டிவியை மட்டும் மெல்லிசாக அடித்துவிட்டு, "காபி குடுப்பீங்களா சார்? காலைலேர்ந்து நடக்கறேன்" என்றார். அந்தக் காபியை நின்றுகொண்டே குடித்தார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

வேலை முடிந்தது, இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கையில் நீலப் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக வந்து நின்றார். கம்பெனி வேலை இல்லையாம், சொந்த வேலையாம். பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் ஒரு லெக்சரர் அம்மா வெள்ளத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார், ஏரி எவ்வளவு நிரம்பினால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போடுகிறார், அதற்கு வீட்டுக்கு வீடு தண்ணீர் நின்ற உயரம் வேண்டும் என்றார். உயரத்தை எழுதிக்கொண்டு போக வேண்டியதுதானே, பெயிண்ட் எதற்கு என்று கேட்டேன்.

"எழுதினா அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும் சார். உங்க கண்ணுல இருக்காதே."

காலனிச் சங்கத்துக்கு நான் செயலாளர். யாரும் நிற்காததால் நான் செயலாளர் ஆனேன் என்பது வேறு விஷயம். செயலாளர் சம்மதித்தால் மற்றவர்கள் சம்மதிப்பார்கள் என்று அவர் கணக்கு. என் வீட்டு முன்சுவரில்தான் முதல் கோடு விழுந்தது. ஒரு ஜாண் நீளம், விரல் அகலம், நல்ல நீலம். "வீடு உங்களோடது சார், கோடு மட்டும் தண்ணியோடது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். வீட்டுக்காரர் சரி என்று சொல்லாமல் ஒரு சுவரிலும் அவர் பிரஷை வைத்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி அலைகிறார் என்று தெருவில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். புருஷனை வெள்ளத்தில் பறிகொடுத்தவர் என்றது ஒரு கதை. ஒருநாள் நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "சேச்சே, யாரும் போகல சார். இரும்புலியூர்ல எங்க வீட்டுக்குள்ள தண்ணி எட்டிக்கூடப் பார்க்கல" என்றார். பிறகு டப்பாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே சொன்னார்: "இருபது வருஷமா இதே வேலை சார். எரிஞ்ச அப்புறம் போவேன், இடிஞ்ச அப்புறம் போவேன், மூழ்கின அப்புறம் போவேன். எப்பவும் அப்புறமா வர்ற ஆளு நானு. ஒரு தடவையாவது முன்னாடி வந்து நிக்கணும்." எனக்கு அது அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

முன்னாடி வருவதற்கு அவர் செய்த காரியங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. கல்லூரியிடம் கணக்கு இருந்தது. ஏரிக்கரையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருந்தார்கள், ஏரி ஏறுவது அவர்கள் கண்ணில்தான் முதலில் படும், ஆனால் யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது. அரசாங்கத்திடம் மைக் கட்டிய வண்டி இருந்தது, ஒரே வண்டி. தண்ணி லாரிக்காரர்களுக்கு எங்கள் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி, மழைக்காலத்தில் அவர்களுக்கு வேலையும் கிடையாது. இந்த நாலு பேரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டினார். ஒரு மணி நேரம் ஆளாளுக்கு எதிராளியைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். அரசு இன்ஜினியர் தொழிற்சாலை ஆக்கிரமிப்பைப் பேசினார். தொழிற்சாலை அதிகாரி கால்வாய் தூர்வாராததைப் பேசினார். லெக்சரர் அம்மாவின் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

மேடம் எழுந்து மூவரையும் கூப்பிட்டார். "சார், ஒரு நிமிஷம் இந்தச் சுவர்கிட்ட வந்து நில்லுங்க." அந்த மண்டபத்துச் சுவரிலும் அவர் கோடு போட்டு வைத்திருந்தார். மண்டபம் பள்ளத்தில் இருந்தது. இன்ஜினியருக்கு அந்தக் கோடு தோளில் இருந்தது. தொழிற்சாலை அதிகாரி கொஞ்சம் குள்ளம், அவருக்குத் தாடையைத் தொட்டது. லெக்சரர் அம்மாவுக்கு மூக்குக்கு மேலே போனது.

"இப்ப பேசுங்க சார்" என்றார் மேடம்.

 பின்வரிசையில் இருந்த தண்ணி லாரி டிரைவர் ஒருவர்தான் வாயைத் திறந்தார். "மேடம், அடி, இஞ்சுன்னு அனவுன்ஸ் பண்ணா எவனுக்குப் புரியும்? கோட்டுக்கு ஒரு முழம் கீழ தண்ணி வரும், கோட்டுக்கு ஒரு ஜாண் கீழ வரும்னு சொல்லு. கொயந்தைக்குக்கூட புரியும்." மேடம் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் ஒத்துக்கொண்ட ஒரே குத்துமதிப்பு அந்த முழமாகத்தான் இருக்கும்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. ஏரி ஏறினால் தொழிற்சாலையிலிருந்து கல்லூரிக்குப் போன் போகும். கல்லூரி கணக்குப் பார்த்து இன்ஜினியர் ஆபீசுக்குச் சொல்லும். மைக் வண்டியும் பத்துத் தண்ணி லாரிகளும் தெருத்தெருவாகப் போய், நீலக் கோட்டுக்கு எவ்வளவு கீழே தண்ணீர் வரும், எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லும். தொடக்க விழாவில் செயலாளர் என்கிற முறையில் நான்தான் நன்றியுரை. சால்வையெல்லாம் போட்டார்கள். அந்தச் சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் அவர் திரும்ப வந்து அதே கேள்வியைக் கேட்பார். "அப்ப தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? காட்டுங்க." போன வருஷம்தானே காட்டினோம் என்று சலித்துக்கொள்வோம். ஆனாலும் காட்டுவோம். முதல் வருஷம் எல்லோரும் நெஞ்சில் கை வைத்தார்கள். அடுத்த வருஷம் அதே ஆட்கள் இடுப்பில் வைத்தார்கள். அதற்கடுத்த வருஷம் எதிர்வீட்டு வாத்தியார் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே காட்டி, "அவ்ளோதான் மேடம், என்னமோ ஊரையே அடிச்சுட்டுப் போன மாதிரி பேசுறாங்க" என்றார். மேடம் டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா சார், ஒவ்வொரு வருஷமும் உங்க தண்ணி வத்திக்கிட்டே போகுது. அதான் கோடு வேணும்."

தண்ணீர் வற்றிக்கொண்டே போக, கோடும் போக ஆரம்பித்தது. ஒருவர் அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டினார். ஒருவர் துளசி மாடத்தை நகர்த்தி அதன் முன்னால் வைத்தார். மேடம் வந்து மாடத்தை நகர்த்தச் சொல்லமாட்டார். எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கு, இருக்கு" என்று போய்விடுவார். டைல்ஸ் வீட்டுக்காரரிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் நின்று, டைல்ஸ் மேலேயே கோடு போட அனுமதி வாங்கினார்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் வரவேண்டும்.

எங்கள் கீழ்வீடு வாடகைக்கு. அந்தப் பெருவெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் மாடிக்கு ஏறிவிட்டோம். கீழே இருந்தவர்கள் காலி செய்தபின் ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் பிடித்துப்போய், அட்வான்ஸ் பேசி, கிளம்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டைப் பார்ப்பார்கள். "இது என்ன சார்?" என்பார்கள். சொன்னதும் "போன் பண்றோம்" என்று போவார்கள். யாரும் போன் பண்ணவில்லை. சுமதிக்குப் பொறுமை போய்விட்டது. "என்னங்க, ஊர்ல இல்லாத அதிசயமா நம்ம வீட்டு நெத்தியில எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்க. யார் வருவா?" என்றாள். பொங்கலுக்குச் சுவர் அடிக்க ஆள் வந்தபோது, கோட்டைச் சுற்றி அடிக்கட்டுமா, சேர்த்து அடிக்கட்டுமா என்று கேட்டான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சேத்து அடிப்பா" என்றேன். இரண்டே வார்த்தை.

மாசியில் செல்வி குடும்பம் வந்தது. பம்மலில் இருந்து வந்தார்கள். தோல் பை தைக்கிற வேலை. இரண்டு தையல் மெஷின், கட்டுக்கட்டாகத் தோல். செல்வி, அவள் புருஷன், பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட மாமனார். பெரியவரின் கட்டிலை முன் ஹாலில் ஜன்னல் பக்கம் போட்டார்கள். வந்த அன்றைக்கே செல்வி கேட்டாள். "சார், இங்க தண்ணி கிண்ணி வருமா? பம்மல்ல பேஜாராப் போச்சு, அதான் கேக்குறேன்."

"படி தாண்டாதும்மா" என்றேன்.

பங்குனியில் மேடம் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு வேகமாக இறங்கி வந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சண்டை போட்டிருப்பேன். "பெயிண்ட் நல்லா இருக்கு சார்" என்றார். கையில் நீல டப்பா இருந்தது. "இப்பவே போட்டுடவா?"

"புதுசா அடிச்சிருக்கு மேடம். பாக்கி வேலை இருக்கு. சித்திரைக்குள்ள நானே போட்டுடறேன்."

"நீங்களே போட்டா இன்னும் நல்லது" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகக் கட்டிலில் படுத்திருந்த பெரியவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரியவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பாதி வாய்தான் சிரிக்கும். மேடமும் சிரித்துவிட்டுப் போனார்.

சித்திரை போனது. ஆடியில் ஒருமுறை வந்தார். "போட்டுடறேன் மேடம்" என்றேன். ஐப்பசியில் போனில் கேட்டார். "இந்த வாரம்" என்றேன். நான் கெட்டவன் இல்லை. போட்டால் செல்வி பார்ப்பாள், படி தாண்டாது என்று சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது என்கிற கூச்சம்தான். மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்தேன்.

கார்த்திகையில் என் தங்கை மகள் கல்யாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் சுமதியும் கும்பகோணம் போய்விட்டோம். சென்னையில் இரண்டு நாளாக மழை என்று சொல்லிக்கொண்டார்கள். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்காரப் போகும்போது செல்வியிடமிருந்து போன்.

"சார், தண்ணி லாரி வந்து மைக்ல சொல்லினு போறான். நீலக் கோட்டுக்கு ஒரு முழம் கீழ வரைக்கும் தண்ணி வருமாம், ரெண்டு மணிக்குள்ள. எதிர்வூட்ல, பக்கத்து வூட்ல எல்லாம் கோடு கீது சார், எல்லாரும் சாமான தூக்கினு மாடிக்குப் போறாங்க. நம்ம வூட்ல கோடே இல்லியே. அப்ப நமக்கு வராதுல்ல சார்?"

நாதஸ்வரச் சத்தம் காதைப் பிளந்தது. பக்கத்தில் சம்பந்தி வீட்டார் நின்றிருந்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கோடு இருந்தது, நான்தான் அழித்தேன், உன் நெஞ்சு உயரத்தில் இருந்தது, மாடிச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, பெரியவரை மேலே தூக்கிக்கொண்டு போ. இவ்வளவுதான்.

"எதுக்கும் சாமானைக் கொஞ்சம் மேல எடுத்து வெச்சுக்கோம்மா" என்றேன்.

"சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

மேடத்துக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். செய்தால் கோட்டைப் பற்றிக் கேட்பார். செய்யவில்லை. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம்கூட இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நடந்ததை அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அறிந்தேன். செல்வியின் புருஷன் தைத்த சரக்கை எடுத்துக்கொண்டு காலையிலேயே பம்மல் போயிருந்தான், திரும்பி வர வழி இல்லை. செல்வி தோல் கட்டுகளைப் பரணில் ஏற்றினாள், சின்ன மெஷினை மேஜை மேல் வைத்தாள். பெரியவரைக் கட்டிலிலேயே விட்டாள். சொன்ன நேரத்துக்கு, சொன்ன அளவுக்குத் தண்ணீர் வந்தது. கல்லூரிக்காரர்களின் கணக்கில் ஒரு விரல்கூடப் பிசகவில்லை. கட்டில் மூழ்கியது. கதவைத் திறக்க முடியவில்லை, திறந்தாலும் ஆளைத் தூக்க அவளால் முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர் தலையைத் தண்ணீருக்கு மேலே ஏந்திப் பிடித்துக்கொண்டு அந்த ஹாலில் நின்றிருக்கிறாள்.

எங்கள் தெருவில் எல்லா வீடும் மேலே ஏறிவிட்டது என்று மற்ற லாரிகள் திரும்பிவிட்டன. மேடம் மட்டும் ஒரு தண்ணி லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். கதவை உடைத்து, பெரியவரைத் தூக்கி லாரியில் ஏற்றி, குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிர் இருந்தது. நாங்கள் ஊர் திரும்பியபோதும் இருந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆறாம் நாள் போய்விட்டார்.

அந்த வெள்ளத்தில் எங்கள் காலனியில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. எல்லோரும் நேரத்தோடு சாமானை ஏற்றிவிட்டார்கள். ஏற்பாடு நன்றாக வேலை செய்தது என்று பேப்பரில்கூட நாலு வரி வந்ததாகச் சொன்னார்கள். செத்தது ஒருவர்தான். என் வீட்டில்.

தண்ணீர் வடிந்து மேடம் அளக்க வந்தார். செல்வி குடும்பம் பம்மலுக்கே போய்விட்டிருந்தது. ஓதம் ஏறிச் சுவரில் புதுப் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்து தொங்கியது. உரிந்த இடத்தில், அடியில், பழைய நீலக் கோடு பாதி தெரிந்தது. மேடம் டேப்பை வைத்துப் புதுக் கறையை அளந்தார். பிறகு நீலக் கோட்டுக்கும் கறைக்கும் நடுவே தன் முழங்கையைப் பதித்துப் பார்த்தார். அவர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் சரியாக இருந்தது.

"மேடம், பெயிண்ட் அடிக்க வந்தவன் தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். முதல் நாள் டிவியைப் பார்த்த மாதிரி அளந்து பார்க்கவில்லை. களைத்துப்போன கண். "ம்ம்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சுமதி காபி கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று கை அசைத்துவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு கோட்டைப் பார்க்கக் கல்லூரிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். அவர் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. நானும் நிம்மதி என்று இருந்துவிட்டேன்.

நாலு வருஷம் கழித்து, போன ஆவணியில் அவர் இறந்துவிட்டார். புற்றுநோயாம், ரொம்ப நாளாகவே இருந்ததாம். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு லெக்சரர் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேடத்தின் நோட்டுகளையெல்லாம் அவர் வீட்டார் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஒவ்வொரு வீடாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். "உங்க வீட்டுப் பக்கத்துல அளவு தவிர வேற என்னமோ எழுதியிருக்காங்க சார். எங்களுக்குப் புரியல, நீங்களே பாருங்க" என்று நோட்டை என்னிடம் நீட்டினார்.

குண்டு குண்டான கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தேதி.

'கோடு இல்லை. பொங்கலுக்கு அழித்திருக்கிறார்கள். சித்திரைக்குள் போடுவதாகச் சொன்னார்.'

'போடவில்லை. கீழே ஒரு பெரியவர் படுக்கையில் இருக்கிறார். அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லிவிடலாமா?'

'சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குச் சங்கடம். நல்ல மனுஷர், அவரே சொல்லிவிடுவார்.'

அதற்கடுத்து வெள்ளத்து நாள். இரண்டடி ஒன்பது அங்குலம் என்று அளவு. அதன் கீழே, 'எல்லாருக்கும் முன்னால் போனோம். இந்த வீட்டுக்கு மட்டும் அப்புறமாகப் போனேன். என் தப்பு.'

லெக்சரர் அம்மா, "என்ன சார் அது?" என்று கேட்டார்.  நான் அழித்த கோட்டுக்கு அவர் தன் பெயரில் தப்பு எழுதிக்கொண்டு நாலு வருஷம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் போனதை இன்றைக்கு வரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மலுக்குப் போனேன். ஒரு சின்னப் பட்டறையில் செல்வி பை தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா சார், குந்து" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோடு இருந்தது, நான்தான் அழிக்கச் சொன்னேன், நீ போன் பண்ணியபோதும் சொல்லவில்லை என்று. 

செல்வி தைத்த பையின் நூலைக் கத்தரித்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அந்த மேடத்துக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"அதான்." தோல் துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள். "மாமா காரியத்துக்கு வந்தாங்க. உக்காந்து அப்டி அழுதாங்க சார். இன்னாடா, நமக்கு உறவா ஒண்ணா, இவங்க இன்னாத்துக்கு இப்டி அழுறாங்கன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல. இந்த மெஷினு அவங்க வாங்கிக் குடுத்ததுதான்."

"அவங்க போயிட்டாங்கம்மா. ஆவணியில."

அவள் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அன்னிக்குத் தண்ணி இங்க வரைக்கும் சார்" என்றாள். நான் கேட்கவே இல்லை. இடது உள்ளங்கையைக் குப்புற வைத்து இடுப்பில் காட்டினாள். வலது கை அதற்குச் சற்று மேலே, உள்ளங்கை மேல்நோக்கி, எதையோ ஏந்திக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டுச் சுவரில் கறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாலு வருஷத்தில் அவளுடைய தண்ணீர் ஒரு விரல்கூட வற்றவில்லை.

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

 மெஷினில் உட்கார்ந்து ஊசிக்கடியில் தோலை வைத்தாள்.

"இப்ப அந்தச் செவுத்துல கோடு கீதா சார்?"

"இருக்கும்மா. நேத்து நானே போட்டேன்."

"அழிச்சிடாத" என்றாள். மெஷின் ஓட ஆரம்பித்தது.